எண்ணாமல் எடை போட்ட வாக்குகள்: வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் தேர்தல் மரபு

கேள்வி இது: தெற்கு வேல்ஸின் பழைய நிலக்கரித் தொகுதிகளில் நூறு வருடமாகத் தொழிற்கட்சிதான் ஜெயித்துவந்தது என்கிறார்களே, அது வெறும் பழக்கமா? அப்பா போட்ட கட்சிக்கே பிள்ளையும் யோசிக்காமல் போட்டாரா? அப்படியென்றால் இப்போது ஏன் அந்தக் கோட்டை உடைகிறது?

சுருக்கமாகச் சொன்னால், பழக்கம் என்ற விளக்கம் பாதிகூடச் சரியில்லை. இந்தப் பள்ளத்தாக்குகளில் தொழிற்கட்சி வாக்குகளை எண்ண வேண்டாம், எடை போட்டால் போதும் என்று ஒரு சொலவடை உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, தொழிற்கட்சியின் சிவப்பு ரிப்பன் கட்டினால் யார் நின்றாலும் ஜெயிப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேர்தல் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நேர் எதிரான ஒன்று தெரிகிறது. நம்ம ஆள் யார் என்பதை நாமே முடிவு செய்வோம் என்ற பிடிவாதம்தான் அந்த மக்களின் மரபு. கட்சி அந்த முடிவுக்கு வழியாக இருந்தவரை வாக்குகள் மலைபோல் குவிந்தன. மேலிருந்து யாரையாவது கொண்டுவந்து இறக்கியபோது, அதே ஊர் அதே கட்சியைத் தூக்கி அடித்தது. ஒரு முறை இரு முறை அல்ல, பலமுறை.

பிளைனை குவெண்ட் தொகுதியை மையமாக வைத்துச் சொல்கிறேன். 1983-க்கு முன் இதன் பெரும்பகுதி எப்பு வேல் என்ற பெயரில் தனித் தொகுதியாக இருந்தது. எப்பு வேல், டிரெடீகர், அபர்டிலரி, பிரின்மார் எல்லாம் குறுகிய பள்ளத்தாக்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக நீளும் ஊர்கள். நிலக்கரியும் இரும்பும்தான் இவற்றை உண்டாக்கின.

வாக்குரிமையும் சுரங்கமும் எப்படிச் சேர்ந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பகுதி லிபரல் கட்சியின் கையில் இருந்தது. சுரங்க முதலாளியும் தொழிலாளியும் ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தார்கள், ஒரே கட்சிக்கு வாக்களித்தார்கள். ரோந்தாவில் 1885-லேயே வில்லியம் ஆபிரகாம் என்ற சுரங்கத் தொழிலாளர் தலைவர் நாடாளுமன்றம் போனார். மக்கள் அவரை மாபன் என்று அழைத்தார்கள். அவரும் லிபரல்களோடு இணைந்தே இருந்தார், முதலாளிகளோடு சமரசம் பேசுவதையே நம்பினார். நிலக்கரி விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். 1898-இல் மாதக்கணக்கில் நீடித்த கதவடைப்பில் தொழிலாளர்கள் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்துதான் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு பிறந்தது. அடுத்த எழுபது எண்பது வருட அரசியலுக்கு அதுவே முதுகெலும்பு.

1900 தேர்தலில் மெர்தர் டிட்வில் தொகுதியில், தொழிற்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான கீர் ஹார்டி ஜெயித்தார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். முதலிடம் பிடித்தவர் டி.ஏ. தாமஸ், லிபரல், சுரங்க முதலாளி. இரண்டாமிடம் ஹார்டி. பலர் ஒரு வாக்கை முதலாளிக்கும் மற்றொன்றைச் சோஷலிஸ்டுக்கும் போட்டிருக்கிறார்கள். ஆக, தொழிற்கட்சியின் கோட்டை ஒரே நாளில் எழுந்ததல்ல. 1908-இல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் தொழிற்கட்சியில் சேர வாக்கெடுப்பில் முடிவெடுத்த பிறகுதான் பாதை மாறியது. 1910-இல் சுரங்கத் தொழிலாளர்கள் போலீஸோடு மோதிய டோனிபாண்டி கலவரம் வந்தது. 1913 அக்டோபர் 14-ஆம் தேதி செங்கெனித் சுரங்கத்தில் வெடிவிபத்து, 439 சுரங்கத் தொழிலாளர்களும் மீட்புப் பணியில் ஒருவரும் செத்தார்கள். பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக மேலாளருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 24 பவுண்டு. ஒரு உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் கொஞ்சம் சில்லறையும். அப்படிப்பட்ட முதலாளியோடு ஒரே கட்சியில் இருக்க முடியாது என்று தொழிலாளி முடிவெடுத்ததற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஒவ்வொரு சுரங்கத்திலும் கூட்டமைப்பின் கிளை ஒன்று இருந்தது. அது கூலிச் சண்டைக்கு மட்டுமான அமைப்பு அல்ல. காயம்பட்டவனுக்கு இழப்பீடு வாங்கித் தருவது, விதவைக்கு வீடு கிடைக்கப் பேசுவது, பள்ளிக்கூடக் குழுவுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் கிளையின் வேலை. ஊருக்கு ஊர் தொழிலாளர் மன்றக் கட்டிடங்கள் எழுந்தன. கூலியில் பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று பிடித்துக் கட்டியவை அவை. கீழே படிப்பகம், மேலே கூட்ட அரங்கு, பின்னால் பில்லியர்ட்ஸ். பொருளாதாரமும் தத்துவமும் படித்த சுரங்கத் தொழிலாளர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். டிரெடீகரில் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. வாரக் கூலியிலிருந்து சிறு தொகை கொடுத்தால் குடும்பத்துக்கே டாக்டர், மருந்து, மருத்துவமனை. சங்கத்தை நடத்தியவர்கள் உறுப்பினர்களே.

அந்த ஊரில் 1897-இல் பிறந்து 13 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அனைரின் பெவன். 1948 ஜூலை 5-ஆம் தேதி அவர் சுகாதார அமைச்சராக இருந்து தொடங்கிய தேசியச் சுகாதார சேவைக்கு முன்மாதிரி டிரெடீகர்ச் சங்கம்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர் தொழிற்கட்சிக்கு வாக்களித்தபோது, தான் ஏற்கெனவே காசு போட்டுக் கட்டியிருந்த ஒன்றுக்கு வாக்களித்தார். கட்சி வந்து எதையாவது தரும் என்று காத்திருந்த வாக்கு அல்ல அது. இந்த வித்தியாசம் புரியாமல் மற்ற எதுவும் புரியாது.

பெவன் நாடாளுமன்றம் போன கதை இந்த மரபை நன்றாகக் காட்டும். 1929-இல் எப்பு வேல் தொகுதிக்கு ஏற்கெனவே தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் இருந்தார், ஈவன் டேவிஸ். அவர் போதவில்லை என்று சுரங்கக் கிளைகளுக்குத் தோன்றியது. கிளைகளின் வாக்கெடுப்பில் பெவன் அவரைத் தோற்கடித்து வேட்பாளரானார். உண்மையான தேர்தல் அங்கேயே முடிந்துவிட்டது. பொதுத்தேர்தலில் 30,000 வாக்கு வித்தியாசம் வருவதைப் பார்த்து, அங்கே போட்டியே இல்லை என்று நினைப்பது தவறு. போட்டி கட்சிக்குள் நடந்தது, வேலைத்தளத்தில் நடந்தது, மன்றக் கூடத்தில் நடந்தது. 1931-இல் நாடு முழுவதும் தொழிற்கட்சி நொறுங்கி 52 இடங்களுக்குச் சுருங்கியபோது, எப்பு வேலில் பெவனை எதிர்த்து நிற்க ஆளே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1969 வரை பிரிட்டிஷ் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் கிடையாது. சின்னமும் கிடையாது. வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில் மட்டுமே இருக்கும். யார் தன் ஆள் என்று தெரிந்துகொண்டுதான் சாவடிக்குள் போக வேண்டும். யோசிக்காமல் போட்ட வாக்கு என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்களும் கட்சித் தலைமைக்குத் தலையாட்டியவர்கள் அல்லர். பெவன் 1939-இல் கட்சியை விட்டே நீக்கப்பட்டார், அந்த வருடமே திரும்பச் சேர்க்கப்பட்டார். 1955-இல் மறுபடியும் அவர் மேல் நடவடிக்கை. தொகுதி ஒவ்வொரு முறையும் அவர் பக்கமே நின்றது. 1960 ஜூன் 28-ஆம் தேதி அருகிலுள்ள சிக்ஸ் பெல்ஸ் சுரங்கத்தில் வெடித்து 45 பேர் இறந்தார்கள். எட்டு நாள் கழித்து, ஜூலை 6-ஆம் தேதி, பெவனும் போய்விட்டார். நவம்பரில் இடைத்தேர்தல். வேட்பாளர் மைக்கேல் ஃபுட். வேல்ஸ்காரர் அல்ல, சுரங்கம் பார்த்தவர் அல்ல, பிளிமத்தில் இரண்டு முறை தோற்ற பத்திரிகையாளர். நம்ம ஆள் என்ற விதிக்கு இது விலக்காகத் தோன்றும். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது உள்ளூர்க் கட்சியினரே. தலைமைக்கு அவரைப் பிடிக்காது என்பதே அவருக்குச் சாதகமாக இருந்தது. அணு ஆயுதம் கூடாது என்று பேசித்தான் ஜெயித்தார். அடுத்த வருடமே கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். டிரெடீகரில் வீடு வைத்துக்கொண்டு 1992 வரை அந்த மக்களின் பிரதிநிதியாக இருந்தார். அவர் அமைச்சராக இருந்த காலத்திலேயே எப்பு வேலில் எஃகு உருக்குவது நிறுத்தப்படும் என்ற முடிவு உறுதியானது. 1978-இல் அது நின்றும் போனது. ஊர் அவர் மேல் கோபப்பட்டது, கூட்டத்தில் கூச்சலிட்டது, ஆனால் கைவிடவில்லை.

எந்தச் சந்தர்ப்பத்தில் கைவிட்டார்கள் என்று பார்த்தால்தான் மரபின் இன்னொரு முகம் தெரியும்.

மெர்தரில் எஸ்.ஓ. டேவிஸ் என்று ஒருவர். 1934 முதல் உறுப்பினர். இவரும் 1961-இல் ஃபுட்டோடு சேர்ந்து அதே நடவடிக்கைக்கு ஆளானவர். 1966 அக்டோபர் 21-ஆம் தேதி ஆபர்வானில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். அது டேவிஸின் தொகுதி. மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கென்று உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொள்ள வைத்தது தொழிற்கட்சி அரசு. டேவிஸ் அதை எதிர்த்தார். அந்தப் பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது 1997-இல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1970-இல் உள்ளூர்க் கட்சிக் குழு, வயதாகிவிட்டது என்று சொல்லி டேவிஸுக்கு இடம் மறுத்தது. எண்பதைத் தாண்டிய மனிதர் சுயேச்சையாக நின்றார். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் முதன்முதலாக அச்சாகிய பொதுத்தேர்தல் அதுவே. தொழிற்கட்சி என்று அச்சடித்த பெயரைத் தாண்டி, மக்கள் டேவிஸைத் தேடிக் குத்தினார்கள். 7,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதே மெர்தரில் 1915-இலும் இப்படி நடந்திருக்கிறது. ஹார்டி இறந்தபின் வந்த இடைத்தேர்தலில் கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வின்ஸ்டோன், சுரங்கக் கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவர். அவரை எதிர்த்து நின்றவர் சார்லஸ் ஸ்டான்டன், முதல் உலகப் போரை ஆதரித்த சுரங்கத் தொழிலாளர் தலைவர். ஸ்டான்டன் ஜெயித்தார். போரை எதிர்த்த ஹார்டியின் தொகுதி, அவர் மூச்சு நின்ற சில வாரங்களில் போரை ஆதரித்தவரைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு உவப்பில்லாத முடிவுதான். ஆனாலும் இந்த வாக்காளர்கள் யார் சொன்னதையும் அப்படியே ஏற்பவர்கள் இல்லை என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி வேண்டாம்.

இடதுபக்கமும் இப்படித்தான். ரோந்தா கிழக்கில் 1945-இல், தொழிற்கட்சி நாடு முழுவதும் வெள்ளமாக அடித்த வருடத்தில், கம்யூனிஸ்ட் தலைவர் ஹாரி பாலிட் வெறும் 972 வாக்கில் தோற்றார். அந்தத் தொகுதியின் மார்டி கிராமத்துக்குக் குட்டி மாஸ்கோ என்றே பெயர். 1960-களின் கடைசியில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி உள்ளே வந்தது. 1967 ரோந்தா மேற்கு இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் வித்தியாசம் ஏறக்குறைய 17,000-லிருந்து 2,306-க்கு இறங்கியது. அடுத்த வருடம் கேர்ஃபில்லியில் ஃபில் வில்லியம்ஸ் என்ற இளம் வானியல் அறிஞர் நூற்றுக்கு நாற்பது வாக்கு வாங்கினார். தொழிற்கட்சி 1,874 வாக்கில் தப்பித்தது. சுரங்கங்கள் வேகமாக மூடப்பட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை, மூடியதும் தொழிற்கட்சி அரசு. எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது. பிறகு தாட்சர் காலம் வந்தது, 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது, மக்கள் மறுபடியும் தொழிற்கட்சிக்குள் ஒதுங்கினார்கள். பிளைனை குவெண்டில் 1992-இல் வித்தியாசம் 30,000-ஐத் தாண்டியது. அதைக் கட்சி தன்மேல் உள்ள அன்பு என்று நினைத்துக்கொண்டது. என் கணிப்பில், அதில் பெரும்பகுதி தாட்சர் மேல் இருந்த வெறுப்பு.

இனி 2005-க்கு வருவோம். பிளைனை குவெண்டைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் தேர்தல் இது.

பீட்டர் லா உள்ளூர்க்காரர். கவுன்சிலராக இருந்து, 1999-இல் வேல்ஸ் சட்டமன்றம் அமைந்தபோது அதற்குப் போனவர், ஒரு வருடம் அமைச்சராகவும் இருந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்றத் தொகுதி காலியாகப் போகிறது என்றதும் அவர்தான் வேட்பாளர் என்று ஊர் நினைத்தது. ஆனால் அந்தத் தொகுதியில் பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாட்டைக் கட்சி கொண்டுவந்தது. தொழிற்சங்கம் ஒன்றின் தேசிய அதிகாரியான மேகி ஜோன்ஸ் வேட்பாளரானார். லா கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்றார். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்தான் மூளையில் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். முடிவு: லா 20,505, ஜோன்ஸ் 11,384. முந்தைய தேர்தலில் தொழிற்கட்சியின் வித்தியாசம் 19,313. அது கரைந்து, அதற்கு மேல் 9,121 வாக்கில் லா ஜெயித்தார். பெவனும் ஃபுட்டும் இருந்த இடத்தை, பிரிட்டனிலேயே மிகப் பாதுகாப்பானது என்று கட்சி எண்ணியிருந்த இடங்களில் ஒன்றை, ஒரே இரவில் இழந்தார்கள்.

பெண் வேட்பாளரைப் பொறுக்காத பிற்போக்கு என்று இதை லண்டனில் பலர் எழுதினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேல்ஸின் சுரங்க அரசியல் பெண்களைத் தள்ளிவைத்திருந்தது உண்மை. ரோந்தாவின் எலிசபெத் ஆண்ட்ரூஸ், சுரங்க வாசலில் குளியலறை வேண்டும் என்று 1919-இலேயே அரசு விசாரணைக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னவர். வேல்ஸ் முழுவதும் தொழிற்கட்சியின் பெண்களைத் திரட்டியவரும் அவர்தான். அப்படிப்பட்டவர்களின் உழைப்பில் வளர்ந்த கட்சிக்கு, இந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஒரு பெண்ணை நாடாளுமன்றம் அனுப்ப 1984 வரை ஆனது. கைனன் பள்ளத்தாக்கின் ஆன் க்ளூயிட்தான் அவர். எனவே பெண்களுக்கு இடம் ஒதுக்கியது நியாயமான நோக்கம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவு உள்ளூர்க் கட்சியின் விருப்பத்துக்கு எதிராக மேலிருந்து இறக்கப்பட்டது. மக்கள் அடித்தது அதைத்தான் என்று நான் நம்புவதற்குக் காரணம் அடுத்த வருடம் நடந்தது. 2006 ஏப்ரலில் லா இறந்தார். ஜூன் 29-ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல்கள். சட்டமன்ற இடத்துக்கு அவர் மனைவி ட்ரிஷ் லா சுயேச்சையாக நின்று ஜெயித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் இடத்துக்கு அவருடைய தேர்தல் முகவர் டாய் டேவிஸ் நின்று 2,484 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பெண் என்பதற்காக ஒருவரைத் தோற்கடித்த ஊர், பதினான்கு மாதத்தில் இன்னொரு பெண்ணை ஜெயிக்கவைத்திருக்காது. 2006-இல் டாய் டேவிஸிடம் தோற்றவர் ஓவன் ஸ்மித். பத்து வருடம் கழித்து ஜெரமி கார்பினை எதிர்த்துக் கட்சித் தலைமைக்கே போட்டியிட்டவர் அவர்தான்.

2010-இல் தொழிற்கட்சியின் நிக் ஸ்மித் அந்த இடத்தை மீட்டார், அதுவும் 10,000-க்கு மேல் வித்தியாசத்தில். இதைப் பார்த்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று கட்சி மூச்சு விட்டது. உள்ளாட்சி முடிவுகளைப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். 2017-இல் பிளைனை குவெண்ட் கவுன்சிலின் 42 இடங்களில் 28-ஐச் சுயேச்சைகள் பிடித்தார்கள். 2022-இல் தொழிற்கட்சி திரும்ப வந்தது. வாக்காளர் தேர்தலுக்குத் தேர்தல் வேறு கணக்குப் போடுகிறார். லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒருவர், கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் சட்டமன்றத்துக்கு ஒருவர், ஊர்க் கவுன்சிலுக்குத் தெரிந்த முகம். ரோந்தாவும் இதையே செய்தது. 1999 சட்டமன்றத் தேர்தலில் பிளைட் கம்ரியை ஜெயிக்கவைத்தது, 2001 நாடாளுமன்றத் தேர்தலில் தொழிற்கட்சிக்குப் போட்டது, 2016-இல் சட்டமன்றத்துக்கு உள்ளூர்ப் பெண்ணான லியான் வுட்டைத் தேர்ந்தெடுத்தது, 2021-இல் அவரையும் மாற்றியது.

அப்புறம் 2016 வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று பிளைனை குவெண்டில் 62 சதவீதம் பேர் சொன்னார்கள். வேல்ஸிலேயே மிக அதிகம். ஐரோப்பியப் பணம் மிக அதிகமாகப் போன பகுதிகளில் ஒன்றும் இதுவே. எஃகு ஆலை 2002-இல் முழுதாக மூடப்பட்டபின் அந்த நிலத்தில் கல்லூரி வந்தது, 2008-இல் எப்பு வேலுக்குப் பயணிகள் ரயில் திரும்பியது, மலைமேல் செல்லும் நெடுஞ்சாலை அகலமானது. நன்றி கெட்டவர்கள் என்று சிலர் திட்டினார்கள். அந்தத் திட்டு அநியாயமானது. சாலையும் கட்டிடமும் வந்தன, வேலை வரவில்லை. அந்தப் பணத்தை எதில் செலவிடுவது என்று ஊரை யாரும் கேட்கவுமில்லை. டிரெடீகர் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினரே குழுவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். ஐரோப்பிய நிதியில் அவருடைய பேரனுக்குக் கிடைத்தது, கொடி அச்சடித்த ஒரு அறிவிப்புப் பலகை. வெளியேறினால் நிலைமை மேம்படும் என்று நான் அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. ஆனால் அந்த வாக்கில் இருந்த கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. 2019-இல் பிரெக்ஸிட் கட்சி அங்கே 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டாமிடம் பிடித்தது. தொழிற்கட்சி பாதிக்குக் கீழே இறங்கியது.

கோட்டை உடைவதற்கு என்ன காரணம் என்று கேட்டீர்கள். கிளைகள் போய்விட்டன, அதுதான் முதல் காரணம். எப்பு வேலுக்குக் கீழே கும் ஊரின் மரீன் சுரங்கம் 1989-இல் மூடியது. ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில். சுரங்கத்தோடு கிளை போயிற்று, கிளையோடு வேட்பாளரைத் தட்டிக்கேட்கும் இடம் போயிற்று. மன்றக் கட்டிடங்களில் பல இடிந்தன, சில மதுக்கடையாகின, சில நாடக அரங்காகப் பிழைத்திருக்கின்றன. கட்சி இருந்தது, ஆனால் கட்சிக்குள் நடந்துவந்த அந்த உண்மையான தேர்தல் நின்றுவிட்டது. பிறகு ஊருக்கு மிஞ்சியது பொதுத்தேர்தல் நாளில் ஒரு சீட்டு மட்டுமே. அதில் தொழிற்கட்சிக்குப் போடலாம், யாரையாவது வைத்து அதை அடிக்கலாம், அல்லது வீட்டிலேயே இருந்துவிடலாம். மூன்றாவது வழியைத்தான் மிகப் பலர் எடுத்தார்கள். 1950-இல் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாக்களித்த இந்தப் பகுதியில், 2024 பொதுத்தேர்தலில் பாதிப்பேர்கூட வரவில்லை. பெவன் வாங்கிய வாக்கோடு இன்றைய வெற்றியை ஒப்பிடும்போது எல்லோரும் சதவீதத்தையே பார்க்கிறார்கள். வராதவர்களையும் சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் இழப்பின் அளவு தெரியும்.

2025 அக்டோபர் 23-ஆம் தேதி கேர்ஃபில்லி இடைத்தேர்தல். வேல்ஸ் சட்டமன்றமான செனெத்தில் இருந்த தொழிற்கட்சி உறுப்பினர் இறந்ததால் வந்தது. செங்கெனித் இருப்பது இந்தத் தொகுதியில்தான். நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே தொழிற்கட்சி தோற்றதில்லை. பிளைட் கம்ரியின் லின்ட்சி விட்டில் 47 சதவீதம் வாங்கி ஜெயித்தார். பிரெக்ஸிட் கட்சியே பெயர் மாறி வந்த ரிஃபார்ம் கட்சி 36 சதவீதம். தொழிற்கட்சி 11. வாக்குப்பதிவு பாதியைத் தாண்டியது, செனெத் தேர்தலுக்கு இது அதிகம். ரிஃபார்ம் அலை வேல்ஸை அள்ளும் என்று வெளியில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, ஊர் வேறு முடிவெடுத்தது. விட்டில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், உள்ளூர்க் கவுன்சிலுக்குத் தலைமை வகித்தவர், 1983 முதல் அந்தத் தொகுதியில் திரும்பத் திரும்ப நின்று தோற்றவர். நூலகங்களை மூடும் கவுன்சிலின் திட்டம் அந்தப் பிரச்சாரத்தில் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று. தாத்தாக்கள் கூலியில் பிடித்துப் படிப்பகம் கட்டிய நாட்டில், நூலகத்தை மூடுவது எவ்வளவு ஆழமாகச் சுடும் என்பதைத் தொழிற்கட்சி அறிந்திருக்க வேண்டும்.

ரிஃபார்ம் வாங்கிய 36-ஐயும் லேசாக எடுக்கக் கூடாது. 2016-இல் வந்த கோபம் எங்கும் போகவில்லை, அதற்கு இப்போது ஒரு கட்சி கிடைத்திருக்கிறது. வெளிநாட்டவர் மிகக் குறைவாக வாழும் ஊர்களில் குடியேற்றத்தைப் பற்றிய பேச்சு இவ்வளவு எடுபடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இந்த ஊர்களே குடியேறியவர்களால் உண்டானவை. இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கிராமத்து வேல்ஸிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் வாரிசுகள்தான் இவர்கள். கஃபே நடத்த இத்தாலியின் பார்டி ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் பள்ளத்தாக்குகள் எங்கும் இருந்தன.

கடைசியாக ஒரு மாற்றம், பலர் கவனிக்காதது. 2026 மே முதல் செனெத் தேர்தல் முறையே வேறு. வேல்ஸ் முழுவதும் 16 பெரிய தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு உறுப்பினர்கள், மொத்தம் 96 பேர். பிளைனை குவெண்டும் கேர்ஃபில்லியும் ரிம்னியும் ஒரே தொகுதி. வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலுக்கு வாக்களிப்பார். பட்டியலில் யார் முதலில், யார் ஆறாவது என்பதைக் கட்சியே எழுதிக் கொடுக்கும், வாக்காளரால் அதை மாற்ற முடியாது. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும் என்பது இந்த முறையின் நன்மை. பழைய முறையில் வீணாய்ப் போன வாக்குகள் இதில் கணக்கில் வரும். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் பட்டியலுக்குள் பெயர்களின் வரிசையை மக்கள் மாற்றும்படி விட்டிருக்கலாம், அப்படிச் செய்யும் நாடுகள் இருக்கின்றன. சுயேச்சையாக ஒருவர் நிற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. மூன்று பகுதிகளைச் சேர்த்த அவ்வளவு பெரிய தொகுதியில், பீட்டர் லாவைப்போலத் தன் ஊரின் அறிமுகத்தை மட்டும் நம்பி நிற்கும் ஒருவருக்கு அது மிகக் கடினம். கட்சி பிடிக்கும் ஆனால் கட்சி நிறுத்திய இந்த ஆளைப் பிடிக்காது என்று சொல்ல, பள்ளத்தாக்கின் வாக்காளருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.